கசிவை அடைக்காதீர்கள்: பழைய குளக்கரை ஒன்றைச் சீர்செய்த குறிப்புகள்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கும் பங்காளிகளுக்கும் பொதுவாக ஒரு குளம் இருக்கிறது. குளம் என்று சொன்னாலும் அது தோண்டியது இல்லை. ஓடைக்குக் குறுக்கே மண்கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியது. கீழே இரண்டு போகம் நெல் விளைந்த காலத்தில் பாட்டாவும் அவருடைய அண்ணன் தம்பிகளும் சேர்ந்து போட்ட கரை. வயல் போய் வாழையும் ரப்பரும் வந்த பிறகு பாசனத்துக்கென்று யாரும் மடை திறப்பதில்லை. இப்போது பிள்ளைகள் நீந்துகிறார்கள். லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஃபைபர் படகில் சுற்றுகிறார்கள். சாயங்காலமானால் தூண்டிலோடு ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். தண்ணீரை எல்லோரும் பார்க்கிறார்கள். கரையை யாரும் பார்ப்பதில்லை என்ற நிலை வெகுநாளாக இருந்தது. நான் கட்டட வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் கரைப் பொறுப்பு என்னிடம் வந்தது.

கரையின் நீளம் ஏறக்குறைய 70 மீட்டர். நடுவில், பழைய ஓடைத் தடத்துக்கு மேலே, உயரம் 5 மீட்டர். நீர்ப்பரப்பு ஒன்றரை ஏக்கர். சராசரி ஆழம் 2 மீட்டர் என்று வைத்தால் 12,000 கன மீட்டர், அதாவது 1.2 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஆயிரத்தை மேட்டில் வரிசையாக நிறுத்திவைத்தது போல. அதற்குக் கீழே ஓடையோரம் வீடுகள் இருக்கின்றன, ஒரு ரோட்டுப் பாலமும் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பேச்சிப்பாறை அணை 1906-லிருந்து நிற்கிறது. அதற்கும் பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளுக்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள், தினமும் நீர்மட்டம் குறிக்கிறார்கள், பேப்பரில் வருகிறது. 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமும் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குத்தான். 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளோடு பொருந்தும். எங்களுடையதைப் போன்ற சின்னக் கரைகள் எந்தக் கணக்கிலும் வராது. யாரும் வந்து பரிசோதிக்கப் போவதில்லை. உடைந்தால் சாகிறவர்கள் மட்டும் நிஜமான மனிதர்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் இப்படிக் குடும்பத்துக்கும் கோயிலுக்கும் தோட்டத்துக்கும் சொந்தமான பழைய கரைகள் வைத்திருக்கிறவர்களுக்கு உதவக்கூடும்.

முதல் வேலை செடி வெட்டுவது. காடாகக் கிடக்கும் கரையை யாராலும் பரிசோதிக்க முடியாது. வெளிச்சரிவு முழுக்க உண்ணிச்செடியும் கைதையும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. மாசி மாதம், மழை ஓய்ந்த நேரம், வெட்டுக்கத்தி வைத்து மேலிருந்து கீழ் வரை வெளுத்தோம். இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கரையில் கை வைக்கக் கிடைப்பது மாசி முதல் சித்திரை வரைதான். அதிலும் சித்திரையில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வந்துவிடும். வேலைத் திட்டம் எல்லாமே இந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

வெட்டி முடித்ததும் கரை பேச ஆரம்பித்தது. சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, மடைக்குழாய் வெளியே வரும் இடத்துக்கு இடப்பக்கம் மட்டும் கோரை பச்சைப்பசேலென்று நின்றது. கோடையில் கரையடியில் பச்சைத் திட்டு தெரிந்தால் அங்கே உள்ளிருந்து தண்ணீர் வருகிறது என்று பொருள். கோரையைப் பறித்துவிட்டுப் பார்த்தபோது கட்டைவிரல் பருமனுக்கு ஓர் ஊற்றுக்கண். அதைச் சுற்றி மெல்லிய மணல் வட்டமாகக் குவிந்திருந்தது. நடுவில் மணல்துகள் துள்ளிக்கொண்டே இருந்தது. அதற்கு மேலே சரிவில் ஒரு அயனி மரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. நண்டு வளைகளும் பெருச்சாளி வளைகளும் தென்பட்டன. கரைமேல் நடந்து நடந்து பதிந்த ஒற்றையடித் தடம், குளிக்க இறங்கும் இடத்தில் சின்ன ஓடையாகவே அரித்திருந்தது.

மண்கரை கசியத்தான் செய்யும். கசியாத மண்கரை உலகத்திலேயே கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி, வரும் தண்ணீர் மண்ணைக் கொண்டுவருகிறதா என்பதுதான். அதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். கண்ணாடி போலத் தெரியும் தண்ணீர் பாட்டில் ஒன்றில் ஊற்றுநீரைப் பிடித்து, மூடி, வீட்டு ஜன்னல் திண்ணையில் இரவு முழுக்க அசையாமல் வைத்தேன். காலையில் அடியில் சிவப்பாக வண்டல் படிந்திருந்தது, நகக்கன அளவுக்கு. மேலே தண்ணீர் தெளிவு. பிடிக்கும்போது கண்ணுக்குக் கலங்கலாகவே தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்த நகக்கன வண்டல் கரையின் உள்ளிருந்து வந்தது. ஒவ்வொரு துகளும் வெளியேற வெளியேற, வந்த வழி பின்னோக்கி நீண்டு, ஒருநாள் குளத்தைத் தொட்டுவிடும். தொட்ட பிறகு சில மணி நேரத்தில் கரை போய்விடும்.

கசிவின் அளவையும் குறித்தோம். ஊற்றிலிருந்து சின்ன வாய்க்கால் கீறி, கடைசியில் பிவிசி துண்டு ஒன்றைப் பதித்து, 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். அளவோடு அன்றைய குள மட்டத்தையும், முந்தின நாள் மழை பெய்ததா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். குளம் ஏறும்போது கசிவு ஏறுவது இயல்பு. குளம் அதே மட்டத்தில் நிற்க, கசிவு மட்டும் கூடினால் அதுதான் ஆபத்து.

பங்காளிகள் கூடியபோது, ஊற்றுக்கண்ணைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டு வெளிச்சரிவில் ஒரு பூச்சு பூசிவிடலாம், செலவு குறைவு என்றார் சித்தப்பா மகன். பெரும்பாலான இடங்களில் இதுதான் நடக்கிறது. எங்கள் கொத்தனார் அண்ணன் ஊற்றின் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அதை அடைச்சிராதீய. அடைச்சா வெள்ளம் எங்க போவும்? வேற எடம் பாத்துல்லா வரும்."

அவர் சொன்னது அப்படியே உண்மை. வெளிவாயை அடைத்தால் கசிவு நிற்காது. வெளியேறிக்கொண்டிருந்த தண்ணீர் கரைக்குள் தேங்கி, ஈரமட்டம் மேலேறும். ஊறிய மண் வலு இழக்கும். வெளிச்சரிவே ஒரு கட்டியாகச் சரியலாம், அல்லது சற்று மேலே, நம் கண்ணுக்குப் படாத இடத்தில் புது ஊற்று திறக்கலாம். செய்ய வேண்டியது இரண்டு. குளத்துப் பக்கம் தண்ணீர் நுழைவதைக் குறைப்பது. வெளிப்பக்கம் தண்ணீரைத் தாராளமாக விட்டு, மண்ணை மட்டும் பிடித்து நிறுத்துவது.

அதற்குள் மழை வந்து ஊற்று பெரிதாகிவிட்டால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே பேசிவைத்தோம். மண் நிரப்பிய சாக்குகளை ஊற்றின் மேல் போடக் கூடாது. சுற்றிலும் வளையமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை உயரவிட வேண்டும். உயர்ந்த தண்ணீரின் எடை எதிர்த்து அழுத்துவதால் மணல் துள்ளுவது அடங்கும். தெளிந்த தண்ணீர் வளையத்தின் மேல் வழிந்து போகட்டும். சாக்குகளை நிரப்பிக் கரையடியிலேயே அடுக்கிவைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

குளத்தை இறக்கியது

வால்வு கரைக்கு வெளிப்பக்கம் இருந்தது. பழைய கல்மடையை ஒருகாலத்தில் அடைத்துவிட்டு 6 அங்குல வார்ப்பிரும்புக் குழாய் பதித்தவர்கள், திறக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அங்கே வைத்துவிட்டார்கள். இது மோசமான ஏற்பாடு. வால்வு மூடியிருக்கும் நேரமெல்லாம் கரைக்குள் ஓடும் முழுக் குழாயும் அழுத்தத்தில் இருக்கும். எங்காவது இணைப்பு விட்டால் தண்ணீர் நேராகக் கரையின் வயிற்றுக்குள் பீய்ச்சும். பழைய கரை வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வால்வு துருவேறி அசையவில்லை. கடப்பாரை போட்டுத் திருகலாம் என்றார்கள், நான் விடவில்லை. உடைந்து முழுக்கத் திறந்துகொண்டால் மூட வழியில்லை. 110 மி.மீ. பிவிசி குழாயைக் கரைக்கு மேலாக வளைத்துப் போட்டு, இரு முனையும் அடைத்து, மேலே உள்ள T வடிவ இணைப்பு வழியாகத் தண்ணீர் நிரப்பி, அதை மூடிவிட்டு, இரு முனையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டோம். உறிஞ்சுகுழாய் ஓட ஆரம்பித்தது. இந்த முறையில் 6, 7 மீட்டர் ஏற்றம் வரை தண்ணீர் ஏறும். எங்கள் கரைக்கு அது போதும்.

நாளொன்றுக்கு அரை அடிக்கு மேல் மட்டத்தை இறக்கவில்லை. வேகமாக இறக்கினால் குளத்துப் பக்கச் சரிவு உள்ளே ஊறிப்போய்க் கனத்திருக்கும். முட்டுக்கொடுத்து நின்ற தண்ணீர் இல்லாமல் போனதும், அலை அரிக்காமல் பதித்த அலைக்கல்லோடு சேர்ந்து சரிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக் குளம் ஒன்று மீன் பிடிக்க ஒரே நாளில் வடித்தபோது அப்படித்தான் சரிந்தது. மீன்களைப் பற்றி எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

குழாய் வாய் வெளிப்பட்டதும் ஒரு நீளக் கம்பின் நுனியில் மொபைலைக் கட்டி, டார்ச் எரியவிட்டு, வீடியோ எடுத்தபடி உள்ளே தள்ளினோம். பாதி தூரத்தில் ஓர் இணைப்பில் கீல் விட்டிருந்தது. அந்த விரிசலிலிருந்து சிவப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே குழாயின் அடியில் செம்மண் நாக்கு மாதிரிப் படிந்து கிடந்தது. காய்ந்த குழாய்க்குள் சிவப்புச் சொட்டு என்றால் கரைமண் குழாய்க்குள் வந்துகொண்டிருக்கிறது. பாட்டிலில் பார்த்த வண்டலுக்கு வழி கிடைத்துவிட்டது: குளம் நிறைந்திருக்கும்போது அதே விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து, குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே ஓடி, அடியில் ஊற்றாக வந்திருக்கிறது. குழாயும் மண்ணும் சேருமிடம் எந்த மண்கரைக்கும் பலவீனமான இடம். குழாயின் அடிவயிற்றில் மண்ணை யாராலும் நன்றாகக் குத்தி இறுக்க முடியாது.

கரையை வெட்டிக் குழாயைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் போடுவது ஒரு வழி. 5 மீட்டர் ஆழத்துக்கு வெட்டித் திரும்ப நிரப்பும் மண் பழைய மண்ணோடு சேராமல் போனால் இன்னொரு பலவீனத்தை நாமே உண்டாக்கியதாகும். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் சொன்னபடி பழைய குழாய்க்குள்ளேயே 110 மி.மீ. எச்.டி.பி.ஈ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாயை ஒரே நீளமாக, நடுவில் இணைப்பு இல்லாமல் நுழைத்தோம். இரண்டு குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சிமென்ட் பால் செலுத்தினோம். குளத்துப் பக்க வாயில் புது ஷட்டர். மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் செய்தது. சரிவோடு படுத்தாற்போல நீளக் கம்பி வைத்துக் கரைமேலிருந்தே திருகலாம். இப்போது மூடினால் கரைக்குள் குழாய் வெறுமையாக இருக்கும். வாயில் கம்பிக்கூண்டும் பொருத்தினோம். ஷட்டர் திறந்திருக்கும்போது நீந்துகிற பிள்ளையின் காலை உறிஞ்சிப் பிடித்துவிடும் அபாயம் நிஜமானது.

முழுக்கத் திறந்தால் நொடிக்கு 20 லிட்டர் அளவில் போகும் என்பது கணக்கு. குளம் நிறைந்திருக்கும்போது ஒரு நாளில் ஓர் அடி மட்டம் இறங்கும். அவசரத்துக்கு அதுவும் குறைவுதான் என்பதால் உறிஞ்சுகுழாயைப் பிரிக்காமல் ஷெட்டில் வைத்திருக்கிறோம்.

குழாய் வாயைச் சுற்றி, அலைக்கல்லைப் பெயர்த்து, குளத்தடியிலிருந்து எடுத்த களியை அரையடி அரையடியாகப் போட்டுக் குத்தி இறுக்கினோம். களியின் ஈரப்பதம் முக்கியம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. காய்ந்த கட்டியைப் போட்டு மேலே தண்ணீர் தெளித்துக் குத்தினால் வெளியே இறுகும், உள்ளே ஓட்டையாகவே இருக்கும்.

வெளிப்பக்க வடிகட்டி

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கரைமண்ணை ஒட்டி மணல், மணலை ஒட்டிச் சிறு ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி, அதற்கு மேல் கல். தண்ணீர் நுண்மையிலிருந்து பருமனுக்குப் போகிறபடி அடுக்க வேண்டும். மணலின் இடைவெளி கரைமண் நுழைய முடியாத அளவுக்குச் சின்னதாகவும், தண்ணீர் தேங்காத அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவுக்கு மண்பொறியியல் அறிஞர் டெர்சாகி விதி வகுத்துக் கொடுத்திருக்கிறார். சல்லடைக் கணக்கு அதிலிருந்துதான் வருகிறது.

நமக்கு இப்போது ஆற்றுமணல் கிடையாது. குவாரியிலிருந்து வருவது எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பாறைப்பொடியும். எது சரிவரும் என்று தெரியாமல் லோடு இறக்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய தண்ணீர் பாட்டில்களின் அடியை அறுத்துவிட்டுத் தலைகீழாக நிறுத்தி, வாயில் சின்ன வலைத்துணி கட்டினோம். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஒவ்வொரு பொருள், அதற்கு மேல் எங்கள் கரைச் செம்மண், மேலிருந்து தண்ணீர். 6 மி.மீ. சிப்ஸ் என்ற சிறு ஜல்லி மட்டும் போட்டதில் தண்ணீர் சிவப்பாகவே வந்தது, நிற்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த செம்மண்ணில் குழி விழுந்துவிட்டது. பாறைப்பொடியில் தண்ணீர் தெளிவாக வந்தது, ஆனால் சொட்டுச் சொட்டாக. பொடியே சேறாகி அடைத்துக்கொண்டது. கழுவாத எம்-சாண்ட் இதற்குக் கொஞ்சம் மேல். கழுவிய எம்-சாண்டில் முதலில் லேசாகச் சிவந்து வந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. அப்புறம் ஒரே சீராக ஓடியது. மேலே செம்மண் அசையவில்லை. கொத்தனார் அண்ணன் அந்தப் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சித்தப்பா மகனும் பார்த்தான். சிமென்ட் பேச்சு அதோடு முடிந்தது.

கரையடியை ஒரே நீளமாகத் தோண்டக் கூடாது. அடியை வெட்டினால் மேல் சரிவு இறங்கிவிடும். குளம் தாழ்ந்திருக்கும்போதே, இரண்டிரண்டு மீட்டராகச் சேற்றை வாரி, கெட்டி மண் வரும் வரை எடுத்து, அன்றன்றைக்கே நிரப்பினோம். கழுவிய எம்-சாண்ட் ஓர் அடி, 6 மி.மீ. சிப்ஸ் முக்கால் அடி, 20 மி.மீ. ஜல்லி முக்கால் அடி, ஜல்லிக்குள் துளையிட்ட குழாய், மேலே கருங்கல். மடைக்குழாய் கரையைவிட்டு வெளியே வரும் இறுதி நீளத்தில், அதன் நான்கு பக்கமும், அடிப்பக்கம் உட்பட, மணல் சுற்றிப் போட்டோம். முன்பெல்லாம் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் கட்டிக் கசிவைத் தடுக்கப் பார்ப்பார்கள். வளையத்தை ஒட்டி மண்ணை இறுக்க முடியாததால் அது நினைத்த பலனைத் தரவில்லை என்று பல நாடுகளில் கைவிட்டு, இந்த மணல் சுற்றுக்கு மாறிவிட்டார்கள்.

கல்லுக்கு மேல் மண் ஏற்றி, செங்குத்தாக இருந்த வெளிச்சரிவின் அடிப்பாகத்தைச் சாய்வாக்கினோம். அந்த எடையும் கரைக்கு முட்டுத்தான். துளைக்குழாயின் வாய் பழைய வாளி வைக்கும் இடத்துக்கே வந்து சேருகிறது.

மரங்கள்

அயனியை வெட்டச் சொன்னபோது வீட்டில் எதிர்ப்பு இருந்தது. பெரியம்மா பேசவே இல்லை. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மரம் இருந்தால் கரைக்குப் பலம் என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. ஆற்றங்கரைக்கு அது பொருந்தலாம். தண்ணீரைத் தேக்கும் கரைக்குப் பொருந்தாது. வேர் ஈரத்தைத் தேடிக் கரைக்குள் ஓடும். மரம் செத்தால் வேர் மக்கி அந்த வழி குழாயாகிவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் இதே கரையில் நின்ற பூவரசு சாய்ந்தபோது வேர்மண்ணோடு ஆள் இறங்குகிற பள்ளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. அன்றைக்குக் குளம் நிறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொன்ன பிறகுதான் பெரியம்மா சம்மதித்தார்.

மரத்தை வெட்டிவிட்டுக் குற்றியை அப்படியே விடுவது வெட்டாமல் இருப்பதைவிட மோசம். குளம் தாழ்ந்திருக்கும்போதே குற்றியையும் விரல் பருமனுக்கு மேற்பட்ட வேர்களையும் எடுத்து, பள்ளத்தின் பக்கங்களைப் படிபடியாக வெட்டி, அரையடி அரையடியாக மண் போட்டு கம்பாக்டரால் இறுக்கினோம். எலி, நண்டு வளைகளையும் தோண்டித் திறந்து அதே முறையில் நிரப்பினோம். பிறகு சரிவு முழுக்க அருகம்புல். புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு மேல் விடுவதில்லை.

மறுகால்

மண்கரைகள் உடைவதற்கு, கசிவு கரைக்குள் மண்ணை அரிக்கும் உள்ளரிப்பு ஒரு பெரிய காரணம் என்றால் இன்னொன்று தண்ணீர் கரைமேல் ஏறிக் கவிழ்வது. மண்கரைமேல் தண்ணீர் வழியவே கூடாது. மிஞ்சின தண்ணீர் மறுகால் வழியாகத்தான் போக வேண்டும்.

எங்கள் மறுகால் பாறையோரம் 4 மீட்டர் அகலம். அதன் மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் நொடிக்கு 3 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகும். மலைச்சரிவிலிருந்து எங்கள் குளத்துக்கு வடிவது சுமார் 50 ஏக்கர். அதில் மணிக்கு 100 மி.மீ. வீதம் கொட்டினால், மண்ணில் இறங்குவது போக வருகிற வெள்ளமும் ஏறக்குறைய அதே அளவு. அதாவது மறுகாலுக்கு மிச்சமே கிடையாது. இந்த நிலையில் அதில் ஓர் அடி உயரத்துக்குச் சாக்கு அடுக்கியிருந்தார்கள், படகு விட ஆழம் வேண்டும் என்று. ஓடும் உயரம் பாதியானால் போகிற தண்ணீர் பாதியாவதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். நொடிக்கு 3 போக வேண்டிய இடத்தில் 1. மீதி இரண்டு கரைமேல் ஏறும்.

எங்கே ஏறும் என்பதையும் பார்த்தோம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் கரைமேல் ஐந்தைந்து மீட்டருக்கு மட்டம் எடுத்தோம். இரு முனைகளில் மறுகாலைவிட 90 செ.மீ. உயரம், நடுவில், குழாய்க்கு நேர் மேலே, 70 செ.மீ.தான். இத்தனை காலத்தில் மண் அமர்ந்ததும் கால்தடமும் சேர்ந்து தாழ்ந்துவிட்டது. அடியிலிருந்து பார்த்தால் கரையின் மிக உயரமான, ஆபத்தான இடத்தில்தான் மேல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்தது. மேல்மண்ணைச் சுரண்டி, மண் ஏற்றி, நடுவை முனைகளைவிடச் சற்று மேடாகவே முடித்தோம். சாக்குகளை எடுத்ததோடு, மறுகாலை அதன் பழைய கல்வரிசை வரை தோண்டி, பக்கவாட்டில் ஒரு மீட்டர் அகலப்படுத்தினோம்.

மறுகாலில் மீன் போகாமல் வலை கட்டும் பழக்கமும் இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற அணை, கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டப்பட்டு, பிறகு பணக்காரர்கள் படகுவிட்டு மீன்பிடிக்கும் கிளப் ஒன்றின் கைக்கு வந்தது. அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்கள் அதற்கு முன்பே பெயர்த்து விற்கப்பட்டிருந்தன. யாரும் திரும்பப் போடவில்லை. வண்டி போகக் கரையின் உயரத்தைக் குறைத்தார்கள். மீன் தப்பாமலிருக்க மறுகாலில் கம்பித்தட்டி வைத்தார்கள். அதில் குப்பை வந்து அடைத்தது. 1889 மே 31 அன்று கனமழையில் தண்ணீர் கரைமேல் ஏறி அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எங்கள் குளத்திலும் திறக்க முடியாத குழாய், தாழ்ந்த கரை, மறுகாலில் வலை மூன்றும் இருந்தன. வலையை அவிழ்த்தவன் நான். மீன் போகிறது, போகட்டும்.

ஆட்கள்

குளிக்க இறங்கும் இடத்தில் கருங்கல் படி போட்டோம். எல்லோரும் அதையே பயன்படுத்துவதால் சரிவில் வேறு தடம் விழவில்லை. தூண்டில்காரர்கள் மண்புழுவுக்காகக் கரையடியில்தான் தோண்டுவார்கள், அங்கேதான் ஈரம். அதைத் தடுத்து, கொஞ்சம் தள்ளி வாழைத் தோட்டத்தில் ஓர் இடம் காட்டிக்கொடுத்தோம். மறுகால் ஓடும்போது அதைக் கடக்கக் கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும், கீழே பாறை.

மறுகால் பக்கச் சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பெயின்ட் அடித்திருக்கிறோம். மஞ்சளைத் தொட்டால் குடும்பத்தில் ஒருவர் இரவானாலும் கரையில் இருக்க வேண்டும். சிவப்பைத் தொட்டாலோ, கசிவு கலங்கினாலோ, ஓடையோர வீடுகளுக்கு வரிசைப்படி போன். போன் எடுக்காத வீட்டுக்கு யார் ஓடுவது என்பதும் எழுதியிருக்கிறது. கூடவே மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ஓடையோரம் கடைசி வீட்டு அக்காவிடம் இந்தத் தாளைக் கொடுத்தபோது, "இத்தன வருசம் இங்க கெடக்கோம், இப்பதான் ஒருத்தர் வந்து சொல்லுதீய" என்றார். கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒரு பிரதி எழுத்து மூலம் கொடுத்தாயிற்று.

இப்போதைய நிலை

வேலை முடிந்து ஆனி மழையில் குளத்தை ஒரேயடியாக நிறைய விடவில்லை. ஷட்டரைக் கொஞ்சம் திறந்தே வைத்து, பாதியில் சில நாள், முக்காலில் சில நாள் என்று நிறுத்தி நிறுத்தி ஏற்றினோம். முதலில் துளைக்குழாயில் லேசான சிவப்பு; பிறகு தெளிவு. நிறைகுளத்தில் முன்பு 40 விநாடியில் நிறைந்த வாளி இப்போது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. ஜன்னல் திண்ணையில் வைக்கும் பாட்டிலின் அடி சுத்தமாக இருக்கிறது. ஐப்பசியில் மறுகால் ஓடியபோது தண்ணீர் மஞ்சளைத் தொடவில்லை.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும், பெருமழைக்கு மறுநாள் காலையும் வாளியும் பாட்டிலும் பிடித்து நோட்டில் எழுதுவதை அண்ணன் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். வரும் மாசியில் இரண்டு வேலை பாக்கி. மறுகால் தண்ணீர் விழுந்து பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே அரிக்கும் இடத்தில் கல் பாவ வேண்டும். மேல் தோட்டத்தில் ரப்பர் மறுநடவு நடப்பதால் ஓடை வாயில் வண்டல் பிடிக்கும் குழி ஒன்று வெட்ட வேண்டும். கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம்.